மாடல் ஃப்ளாட் மெத்தை

மே 14, வியாழன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: ஏழு ஜென்மம் எடுத்தாலும் வாங்க முடியாத வீட்டின் மெத்தையில் இன்று குறட்டை விட்டேன்.

மகளுக்குக் கோடை விடுமுறை. தீம் பார்க் டிக்கெட் விலையைப் பார்த்ததும் எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. பொம்மசந்திரா பக்கம் புது அடுக்குமாடி கட்டுகிறார்கள். வீடு வாங்குகிறவர்போல நடித்தால் ஏசி வேன், பாதாம் பால், மாடல் ஃப்ளாட்டில் குளுகுளு உலா, எல்லாம் இலவசம். "வாயத் தொறந்து மாட்டி விட்றாதீங்க" என்று மனைவியையும் மகளையும் வழியெல்லாம் மிரட்டிக்கொண்டே போனேன்.

வரவேற்பறைப் பெண் என்னைச் சீந்தவே இல்லை. "வாங்க கல்பனாக்கா! இன்னிக்கு சாரையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? உங்க பால்கனி சேர் ரெடி" என்றாள் என் மனைவியிடம்.

வியாழக்கிழமைகளில் கல்பனா தன் அக்கா வீட்டுக்குப் போவதாக அல்லவா நம்பியிருந்தேன்!

"என்னடி இது?"

"வாரத்துல ஒரு மணி நேரம் யாரும் டீ கேக்காம உக்காரணும்னு தோணுச்சு. தப்பா?"

தலை சுற்றி மாடல் ஃப்ளாட் மெத்தையில் சாய்ந்து, ஏசி குளிரில் அப்படியே குறட்டை விட்டவனை மகள்தான் உலுக்கி எழுப்பினாள்.

பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் இப்படிப் புளுகுவாளா?

நல்லவேளை, செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வரவேற்பறையில் இருந்து எனக்குப் பாதாம் பால் கொடுக்கும் பெண் இன்று லீவு.