கிணற்று மேட்டுக் கல்

இன்று மதியம் கொல்லையில் எலுமிச்சம்பழம் பிழிந்தபோது நாலு சொட்டு துவைக்கிற கல்லில் விழுந்து நுரைத்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

"பாத்தியா, சுண்ணாம்புக்கல்லுன்னா இப்படித்தான் பொங்கும்" என்று எழுபதுகளின் கடைசியில் நீ காட்டினாய், எங்கள் புதுக் கிணற்றிலிருந்து ஏறி வந்து. கீழப்பழுவூர் ரோட்டோரம் எங்கள் நிலம். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் உங்கள் காலனி. ஐந்தாவது வரை நமக்கு ஒரே பெஞ்சு. யார் கிணறு வெட்டினாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் உனக்குக் காபி தனி டம்ளரில் வந்ததை நான் அன்றைக்குக் கவனித்ததாகக்கூட நினைவில்லை.

"கல்ல ரோட்டோரமா குமிக்காதப்பா. சிமெண்ட் ஃபேக்டரிக்காரன் கண்ணுல பட்டா நெலம் போயிடும். உள்ளாற பரப்பிடு" என்றாய். நானா கேட்பேன்? எங்கள் பக்கம் தோண்டிய கல்லைக் குவித்த கிணற்று மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை. பஸ்ஸில் போகிறவன் பார்க்கட்டும் என்று ஆள் உயரத்துக்குக் குவித்தேன்.

மறு வருஷம் ஃபேக்டரிக்கு நிலம் எடுக்க சர்வேயர் வந்து எங்கள் வரப்பில் கல் நட்டார். முந்தின வாரம்தான் நீ அவரோடு டீக்கடையில் நின்றதைப் பார்த்திருந்தேன். உன் தம்பிக்கு ஃபேக்டரியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை கிடைத்தது வேறு. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? உன் வாசலுக்கே வந்து கத்தினேன்.

"பழுவூருக்கு வழி கேட்டாருப்பா, அவ்வளவுதான்."

"நல்லா நடிக்கிறடா!"

நீ திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாய். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

நான் சும்மா இருந்தேனா? உடையார்பாளையம் வரை சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன்: "அவனக் கெணத்துல எறக்காதீங்க. உள்ள என்ன கல்லுன்னு ஃபேக்டரில போய் சொல்லிடுவான்." அப்புறம் ஒருவரும் உன்னைக் கூப்பிடவில்லை. ஊரிலேயே நல்ல கிணறு வெட்டுகிறவன், சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றப் போனாய். அதையும் விடவில்லை நான். "பாத்தீங்களா, அங்கேயே போய்ச் சேந்துட்டான்" என்றேன்.

நிலம் கைமாறிய அன்று தாலுகா ஆபீஸில் அதே சர்வேயரை மறித்து, யார் சொன்னது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "யாரு சொல்லணும்ங்க? பஸ்லேருந்தே தெரிஞ்சுதே, ஒங்க கெணத்து மேடு!"

அன்று நீ உயிரோடுதான் இருந்தாய். வாய்க்காலைத் தாண்டினால் உன் வீடு. நாலு வருஷம் நான் தாண்டவில்லை. உன் காரியத்துக்கும் வரவில்லை. வெட்கமாக இருக்கிறதடா.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உன் மகளைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளாகவே வந்து பேசினாள். "அப்பா கடைசிவரைக்கும் ஒங்களத்தாங்க கேட்டுக்கிட்டிருந்தாரு. 'யாரு சொன்னதுன்னு கண்டுபுடிச்சிட்டானா, பாவம், நெலம் போச்சே அவனுக்கு'ன்னு."

"இன்னும் தெரியலம்மா" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அவளிடம் வாய் வரவில்லை. உன்னிடமாவது சொல்கிறேன். நான்தானடா.