அடிபம்பின் குறுக்குக் கம்பி

புதன், இரவு.

மயிலாப்பூர் சந்து அடிபம்பில் இருக்கும் குறுக்குக் கம்பியை வெட்டியெடுக்க உத்தரவாகிவிட்டது. குடிநீர் வாரிய உதவிப் பொறியாளரே மதியம் போனில் உறுதிசெய்தார்.

கனகாவுக்கு விரல்கள் மடங்காது. கைப்பிடியைப் பிடிக்க முடியாது. அதனால் எதிர்வீட்டு வெல்டர் மணி, அவள் முழங்கையால் அழுத்தும்படி கைப்பிடி நுனியில் குறுக்காக ஒரு கம்பியைப் பற்றவைத்தார். பாராட்டி எங்கள் பத்திரிகையில் செய்தி போட்டவன் நான். அதைப் படித்துத்தான் வாரிய அலுவலகத்துக்கு விஷயம் தெரிந்தது. அனுமதி வாங்கினீர்களா என்று மணியிடம் நான் கேட்கவே இல்லை. இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு தவறு.

சாயங்காலம் நேரில் போய் இருவரிடமும் சொன்னேன். கனகா பேசினாள்.

"போட்டோலாம் சோக்கா போட்ட சார். இனிமே ஒவ்வொரு குடத்துக்கும் நான் யார் வூட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

"என் தப்புதான்மா."

"தெரியுதுல்ல? அப்ப இத்த அடி. விரலால தொடக்கூடாது, ஆமா."

முழங்கையால் அழுத்தினேன். குடம் சுலபமாக நிறைந்தது. அங்கிருந்தே பொறியாளரைக் கூப்பிட்டு, வெட்டுமுன் ஒருமுறை நேரில் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வருகிறார். பார்த்த பிறகே முடிவு. கனகா அவர் எதிரில் அடித்துக் காட்டுவாள். நானும் போகிறேன். செய்திக் குறிப்பு நோட்டை எடுத்துப்போவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.