வதனியின் மகளுக்குச் சின்னமுத்து ஊசி

என் பொல்லாத மச்சாள் வதனிக்கு,

போன வாரம் உன் மகளுக்குத் தட்டம்மை வராமல் காக்கிற சின்னமுத்து ஊசி போட்டாயிற்று. வேறு யாருக்குச் சொன்னாலும் "அப்பாடா, நல்லது" என்பார்கள். எனக்கு நல்லதாகப் படவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கிளினிக்கில் அதே மிட்வைஃப்தான். உன்னை நினைவிருக்கிறதாம். இருக்காதா? வயிற்றுப்பிள்ளையோடு டெட்டனஸ் ஏற்பு ஊசிக்குப் போய், அன்புவழிபுரம் முழுக்கக் கேட்கக் கத்தியவள் நீ ஒருத்திதானே. கடலோர இறக்கக்கண்டியில் பிறந்து, முழுத் திருக்கையை வெட்டிக் கழுவுகிறவளுக்கு ஊசியென்றால் பயம்! "இது உங்களுக்கில்லைப் பிள்ளை, உள்ளுக்க இருக்கிற ஆளுக்கு" என்று அவர் சொல்ல, "அப்ப ஏன் மிஸ் எனக்குக் குத்துறியள்?" என்று கேட்டாய். சுவரோரத்து வாங்கில் வரிசையாக இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஊசி போட்டால் உன் உடம்பு அந்த நோய்க்கு எதிரான காப்பை இரத்தத்தில் உண்டாக்கும். அது நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிறந்த கையோடு பிள்ளைக்குத் தானாக அதைச் செய்துகொள்ள ஏலாது, தாய் கொடுத்ததுதான் முதல் மாதங்களில் காவல். சின்ன வயதில் உனக்குப் போட்ட சின்னமுத்து ஊசியின் காப்பும் கூடவே போகுமாம். வீட்டுக்கு வந்து என் அண்ணாவிடம் நீ அளந்ததைக் கேட்க வேண்டுமே. "சாப்பாடு மட்டுமில்லை, காவலும் நான்தான் குடுக்கிறன். நீங்கள் துறைமுகத்தில கிரேனை ஓட்டிக்கொண்டு இருங்கோ."

பிறகு பிள்ளையைப் பெற்றாய். இரத்தம் நிற்கவில்லை. போய்விட்டாய். அவள் உன் பாலைக் குடிக்கவில்லை. நீ அவள் முகத்தைப் பார்த்தாயா என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளை பிறந்த துடக்குக் கழிவதும் முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிக் கிரியையும் முப்பத்தோராம் நாள். இரண்டும் ஒன்றாக வந்தபோது, எதை முதலில் செய்வதென்று ஐயரே கொஞ்சம் யோசித்து நின்றார். பிள்ளைக்கு முடி இறக்கிய தட்டும் உனக்கு வைத்த படையலும் ஒரே அறையில் இருந்தன. வந்த சனத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அண்ணா அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். "வதனியின்ர காவல் இவளுக்குள்ள ஓடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் பிள்ளையைக் குளிப்பாட்டினால், "மெதுவா, மெதுவா" என்று வாசலில் நின்று சொல்வார், தேய்த்தால் நீ கரைந்துவிடுவாய் என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வரும். அழுகையும் வரும். அவருக்கு வேறு என்ன இருந்தது, சொல்?

முதல் ஊசிகளுக்கெல்லாம் அவரே தூக்கிக்கொண்டு போனார். ஆறாம் மாதம் போனபோது மிட்வைஃப் சும்மா ஒரு கதைக்குச் சொன்னார், "அடுத்தது ஒன்பதில. தாயின்ர காப்புக் குறைஞ்ச பிறகுதான் சின்னமுத்து ஊசி போடுறது." அவ்வளவுதான். ஒன்பதாம் மாதம் முடிந்ததும், போகமாட்டேன் என்று கதிரையில் இருந்துவிட்டார்.

"அவளின்ரது இருக்கேக்க வேற என்னத்துக்கு?"

"அது முடிஞ்சுது அண்ணா."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு குழந்தைக்குச் சின்னமுத்து வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உன் பிள்ளையைக் காவலில்லாமல் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. கோபம் கோபமாக வந்தது. அவர்மேலா, இவ்வளவையும் என் தலையில் போட்டுவிட்டுப் போன உன்மேலா? "நீங்கள் வராட்டி நான் கொண்டுபோறன்" என்று பிள்ளைக்குச் சட்டை மாற்றினேன். வாசல் கேற்றடிக்குப் போனபோது பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

கிளினிக்கில் எங்கள் முறை வந்ததும் அண்ணா கேட்டார், "மிஸ், ஒரு சொட்டாவது மிச்சம் இருக்குமோ?"

மிட்வைஃபுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தாயின்ர காப்புக் கனக்க இருந்தால் இந்த ஊசி பிடிக்காது தம்பி. அவவின்ரது இதை வேலை செய்ய விடாது. பிள்ளைக்குப் பிடிக்க வேணுமெண்டால் அது போயிருக்க வேணும்."

அண்ணா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவளுடைய சட்டைக் கையை அவரே மேலே தள்ளிவிட்டார்.

"அப்ப போயிருக்கட்டும்" என்றார்.

வதனி, அந்த இடத்தில் நானும் பிள்ளையாரை அதைத்தான் வேண்டினேன். அவளுக்குள் நீ மிச்சமில்லாமல் போயிருக்க வேண்டும் என்று. உனக்காக நான் இதுவரை எத்தனையோ வேண்டியிருக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை. இது பலித்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். காலம் ஆற்றும் என்று சனம் சொல்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

உனக்கு ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன். அவள் கேட்கும் வயதில், அம்மா நட்சத்திரமாகி மேலிருந்து பார்க்கிறாள் என்று பொய் சொல்லமாட்டேன். "அம்மா தந்த காவல் உனக்குள் சில மாதம் இருந்தது, பிறகு முடிந்தது, முடிந்திருக்க வேண்டும் என்று உன் அப்பாவே தன் வாயால் சொன்னார்" என்பேன். அது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் சொல்வேன்.

சண்டை பிடிக்க ஆளில்லாமல் இருக்கிற
உன் மச்சாள்,
கலா