சீஸன் முடியட்டும்

மயிலாப்பூரில் சௌக்கியமாக இருக்கும் என் கணவருக்கு,

நங்கநல்லூரில் அக்கா வீட்டில் காற்று நன்றாக வருகிறது. திரும்பி வருவது பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

பொங்கல் கழிந்து காது டாக்டரிடம் தனியாகப் போனேன். “முழங்கால் வலி மாத்திரைய நிறுத்தினா காது இரைச்சல் கொறையும்னு கார்த்திகைலயே மாமாகிட்ட சொன்னேனே மாமி? ‘சீஸன் முடியட்டும், நானே சொல்றேன்’னாரே!” என்றாள் அந்தப் பெண்.

என்னிடம் நீங்கள் சொன்னது வேறு. “அறுபது ஆச்சுன்னா காது இரையத்தாண்டி செய்யும்.” சொல்லிவிட்டு, ஞாயிறு தவறாமல் என் மாத்திரை டப்பாவை நிரப்பி வைத்தீர்கள். வலி தெரிந்தால் நான் மேடையில் இரண்டு மணி நேரம் சம்மணமிட்டுப் பாட முடியாது. நீங்கள் ஒப்புக்கொண்ட எட்டுக் கச்சேரிகள் என்னாவது?

எட்டிலும் இரைச்சல்தான் எனக்குப் பக்கவாத்தியம். தம்புரா சரியாகக் கேட்காமல் குத்துமதிப்பாகப் பாடினேன். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினீர்கள். ரசிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

மாத்திரையை விட்டுப் பத்து நாளாகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. ஆனால் இரைச்சல் போய்விட்டது. நேற்று போனில் “எல்லாம் உன் நல்லதுக்குத்தாண்டி” என்றீர்கள். ஓர் எழுத்து விடாமல் கேட்டது. அதனால்தான் போனை வைத்தேன்.

இன்றைய தேதி வரை,
உங்கள் மனைவி