இரண்டு வில்லைக்கு நடுவே

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு எழுத்து வராது. நான் பேசப் பேசக் கைபேசி எழுதிக்கொள்ளும், பழக்கிவிட்டவள் மருமகள். இப்போது அவளைப் பற்றியே புலம்ப வேண்டியிருக்கிறது.

இன்றும் மகனுடைய வில்லை உடைந்ததாம். அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஆய்வுக்கூடம். இரண்டு உலோக ஆக்சைடைச் சேர்த்து, காசு மாதிரி வட்டமாகப் பீங்கான் வில்லை சுடுகிறார்கள். சரக்கு ஒன்று, அளவு ஒன்று, செய்முறை வேறு. அவன் இரண்டு பொடியையும் உருளை என்கிற சுழலும் அரைவை இயந்திரத்தில் அரைத்து, அழுத்திச் சுடுகிறான். அவள் இரண்டு உலோக உப்பையும் தண்ணீரில் கரைத்து, கூழாக்கி, உலர்த்தி எரித்துப் பொடி எடுக்கிறாள். எது சரி என்ற சண்டையில் வீட்டில் பேச்சே நின்றுவிட்டது.

மார்ச் 6

"அப்பா, உங்க மருமககிட்ட சொல்லுங்க. அது கூழ் இல்ல, கூத்து."

"மாமா, உங்க பிள்ளைகிட்ட சொல்லுங்க. அவர் வில்லைய நுண்ணோக்கில பாத்தேன். ஒரே பொடி கட்டி கட்டியா ஒரு பக்கம் கிடக்கு, நடுவுல ஓட்டை. பக்கத்துல உக்கார வெச்சா கல்யாணம் ஆயிடுமா?"

மூன்று பேரும் ஒரே மேசையில்தான் இருக்கிறோம்! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் ஓய்வு.

என் கெட்ட நேரம், எனக்கு மறதி கிடையாது. சொன்னதைச் சொன்னபடி, மூக்குச் சுளிப்பு உட்பட, கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன். சண்டை வளர்கிறது.

மார்ச் 9

அவளுடையதும் வெடித்துவிட்டது. உள்ளே நுணுக்கமாக, சீராகத்தான் கலந்திருந்ததாம். ஆனால் சூட்டில் அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டது. மகன் சிரித்தான். மடையன்.

மார்ச் 10

வேறு ஊர் ஆய்வுக்கூடத்தில் அவளை வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். "இதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க மாமா." சொன்னேன். "போகச் சொல்லுங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதைச் சுமந்துபோய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன பிழைப்பு இது?

மார்ச் 11

காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொல்கிறான்: "அவ பொடி நல்ல பொடிதாம்பா. அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ லேசா சுட்டு, என் உருளைல கொஞ்சம் அரைக்கட்டும். அப்புறம் சூட்ட மெதுவா ஏத்தட்டும். அவ்வளவா சுருங்காது."

இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

"என்ன சொன்னார் மாமா?" என்று வந்து நின்றாள். முழுச் சேதியும் நாக்கு நுனியில் இருந்தது.

"உன் பொடி நல்ல பொடின்னாம்மா. அப்புறம்... எதையோ சுடணும்னான். முன்னாடியா, பின்னாடியா... மறந்துபோச்சே."

என்னை உற்றுப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினாள்.

மார்ச் 12

இன்று அவள் சொன்னதையும் மறந்தேன். பழகிவிட்டால் சுகம்தான்.

மார்ச் 14, வெள்ளி

வில்லை உடையவில்லை. அவள் பொடி, அவன் உருளை. வேறு ஊருக்கு வரவில்லை என்று பதில் போட்டுவிட்டாளாம். சாப்பாட்டு மேசையில் ஒரே கூச்சல், அடுத்ததை எவ்வளவு மெதுவாகச் சூடேற்றுவது என்று. நேருக்கு நேராக.

திடீரென்று இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு."

"நானும் கவனிச்சேன். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"ஆமா, ரெண்டு பேருமே போவோம்."

ஒரே கருத்து! போகிறேன். இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.