முதலில் வந்த எலக்ட்ரான்கள்

என் சின்னக்குட்டிக்கு,

"தினமும் ஃபோன் பண்ணி உயிரை வாங்காதேம்மா, நான் என்ன குழந்தையா?" என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் இரும்பு அணுவைப் பற்றி நடத்தினேன். எலக்ட்ரான்கள் முதலில் 4s ஆர்பிட்டாலில் வந்து உட்காரும். 3d அதற்குப் பிறகுதான் நிரம்பும். ஆனால் அணு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகும்போது முதலில் கிளம்புவதும் அந்த 4s எலக்ட்ரான்கள்தான். இந்த இடத்தில் வருஷாவருஷம் நான் சொல்லும் ஜோக் உனக்கே மனப்பாடம்: "பந்தியில முதல்ல உட்கார்ந்தவன்தானே முதல்ல எழுந்திருப்பான்?" உன் அண்ணன் என் வகுப்பில் படித்த வருஷம், அதற்குச் சத்தமாகச் சிரித்தவன் அவன்தான்.

இன்று அது வாய்வரை வந்து நின்றுவிட்டது. ஒரு பெண் எழுந்து, "முதல்ல வந்தது எப்படி மிஸ் முதல்ல போகலாம்?" என்று கேட்டாள். பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். எழுதியதெல்லாம் அழிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் அறையை இன்னும் காலி செய்யவில்லை. ஆணியில் அவன் மாட்டிவிட்டுப் போன சட்டையைத் துவைக்கக்கூட மனம் வரவில்லை.

நாளைக்கு அயனியாக்கும் ஆற்றல். ஒரு எலக்ட்ரான் போய்விட்டால், மிச்சமிருப்பதை அணு முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடுத்ததைப் பிரிக்க இன்னும் அதிக ஆற்றல் வேண்டும். அது அணுவின் பிடிவாதம் இல்லை, குணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன்.

உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளைக்குக் கூப்பிடுவேன். திட்டிக்கொண்டேயாவது எடுத்துவிடு, கண்ணு.

அம்மா