இரண்டு நிமிட ஒப்புதல்

மார்ச் 4, செவ்வாய்

வெளியாள் ஒருத்தி கடிதம் போட்டிருக்கிறாள். திரையில் படம் காட்ட நாங்கள் எழுதிய ப்ரோகிராமில், கிராபிக்ஸ் டிரைவரில், ஓட்டையாம். சோதித்துப் பார்த்தேன், உண்மைதான். திரையில் ஒரு சன்னலை மூடியதும் அதன் படத்துக்கு ஒதுக்கிய நினைவகத்தை விட்டுவிடுகிறோம். பிறகும் பழைய முகவரியிலேயே போய் எழுதுகிறோம். காலி செய்த வீட்டில் நுழைந்து சமைக்கிற மாதிரி. அந்த இடத்தில் எவனாவது கெட்டிக்காரன் குடியேறிவிட்டால் கம்ப்யூட்டரே அவன் கையில். இருபது நாளில் அடைக்காவிட்டால் ஊருக்கே சொல்லிவிடுவாளாம்.

எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை? கையில் மட்டும் கிடைக்கட்டும்—

மார்ச் 5

கிடைத்துவிட்டான். என் வீட்டுக்காரர்.

ஆறு வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு முந்தி, திரை வேகமாக ஓடவேண்டும் என்று, நினைவகம் இன்னும் நம்முடையதுதானா என்று பார்க்கிற ஒரு சோதனை வரியை எடுத்திருக்கிறார். அதோடு போயிற்றா? ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தரவேண்டும்; தந்தது நான். அவர் அனுப்பியது 4.10. நான் சம்மதித்தது 4.12. முந்நூறு வரி. ஐயோ.

மார்ச் 6

விருந்தாளி வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்: "இவ எல்லார் ப்ரோகிராமையும் கிழிச்சுத் தொங்கவிடுவா. என்னுதுல மட்டும் ஒரு குறை சொல்லல. அப்பவே விழுந்துட்டா." நானும் இத்தனை வருடமாக மண்டையை ஆட்டுகிறேன்.

உண்மையில் நான் அதைப் படிக்கவே இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றார், "முடிஞ்சுதா?" என்றார். கை தானாக அழுத்திவிட்டது.

மார்ச் 7

ஓட்டை எப்படி நுழைந்தது என்று ஒப்புதல் தந்தவர் அறிக்கை எழுதுவது எங்கள் குழுவில் வழக்கம். எல்லாரும் படிப்பார்கள். அவரும். 'கவனக்குறைவு' என்று மழுப்பிவிடலாமா?

அவரோ மேலதிகாரியிடம் போய், "தப்பு முழுக்க என்னுது, அவளை விட்டுடுங்க" என்றிருக்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு பொய்கூட நிம்மதியாகச் சொல்ல முடியாது.

மார்ச் 9, ஞாயிறு

அவரிடம் சொல்லிவிட்டேன், படிக்கவில்லை என்று.

"ஒரு வரி கூடவா?"

"தலைப்பு படிச்சேன்."

ஓட்டைக்குக்கூட இப்படி முகம் வாடவில்லை. "அப்ப எதுக்குடி என்னைக் கட்டிக்கிட்ட?"

சட்டைக் கைக்காக என்று எப்படிச் சொல்ல? சொன்னேன். காதெல்லாம் சிவந்து எழுந்து போய்விட்டார். கோபமா, வெட்கமா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 10

அறிக்கையில் எழுதினேன்: 'படிக்காமல் ஒப்புதல் தந்தேன். காரணம் சொந்த விஷயம்.' மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ திருத்து. அவர் பார்க்கட்டும். இந்தத் தடவையாவது யாராச்சும் படிங்க."

மார்ச் 14

ஓட்டையை அடைத்தாயிற்று. நான்கே வரி. காலையில் அனுப்பியதற்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் ஒன்பது குறைகளோடு பதில் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். எட்டு நியாயம். ஒன்பதாவது, ப்ரோகிராமில் அந்த முகவரிக்கு நான் வைத்த பெயர் பிடிக்கவில்லையாம். மாற்றமாட்டேன் என்று எழுதினேன்.

குழு மொத்தமும் பார்க்கிற இடத்தில் அவர் பதில் எழுதியிருக்கிறார்: 'சரி, வீட்டுக்குப் போய் சண்டை போடலாம்.'